ராக்காயியின் முழுப் பேர்

“அரைப் பேருன்னா எந்தப் பாதிங்க கிராணி ஐயா?”

ஆபீஸ் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று ராக்காயி இப்படிக் கேட்டதும் வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். விடியுமுன் ஆட்களைக் கூட்டி எண்ணுவதைப் பெரட்டு என்பார்கள். அங்கே கங்காணி கூப்பிடுவார், ஆட்கள் குரல் கொடுப்பார்கள். மதியம் பால் நிறுத்து முடிந்தபின் அவரவர் பெயருக்கு நேரே கணக்கெழுதும் கிராணி குறி போடுவான். ஒழுங்காக வேலை செய்தால் முழுப் பேர். கங்காணி குறை சொன்னால் அரைப் பேர். அந்தக் கிராணி நான்தான்.

“ராக்கா மட்டும் வந்துச்சு, யி லயத்துலயே படுத்துக்கிச்சுன்னு எழுதிக்குங்க,” என்றார் வரிசையில் ஒருவர்.

“யி வந்துச்சுய்யா. ராக்காதான் தூங்கிப்புட்டாளாம், கங்காணி சொல்றாரு,” என்றாள் ராக்காயி திரும்பிப் பார்க்காமலே. பிறகு என்னிடம், “கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எந்தப் பாதிய வெட்டுனீங்க?” என்றாள்.

“கங்காணி எழுதச் சொன்னார்,” என்றேன்.

“கங்காணி சொன்னா எழுதுற கையி கங்காணி கையிதான்,” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

இது நடந்தது 1926-இல், தாப்பா சாலையில் ஒன்பதாம் மைல்கட்டைத் தோட்டத்தில். ஓராண்டுக்கு முன்தான் நான் சென்னையில் பி.ஏ. முடித்துக் கப்பலேறித் திரும்பியிருந்தேன். அப்பா ஈப்போ புந்தோங்கில் ரயில் பாதைக் கூலி. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். பி.ஏ. படித்தவன் தோட்டத்துக்குக் கிராணியாகப் போவானா என்று அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. புதிதாக வந்திருந்த துரைக்குத் தமிழ் தெரியாது, மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது, நான் போனேன் என்று அவரிடம் சொன்னேன். உண்மையில் எதற்குப் போனேன் என்பது எனக்கே தெரியாது. படித்ததால் வந்த உயரத்தில் நிற்கத் தெரியாமல், ஏறிய இடத்துக்கே இறங்கிப் போனேனோ என்னவோ.

சென்னையிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் தியானம் பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் ஐந்தாறு இருந்தன. தினமும் காலையில் முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடி உட்காருவேன். இரண்டு நிமிடத்தில் துரையின் உச்சரிப்பு நினைவுக்கு வரும். பிறகு அப்பாவின் முகம். பிறகு, இப்படி நினைக்கிறேனே என்ற நினைப்பு. கால் மரத்துப்போவதைத் தவிர வேறு பலன் எதையும் நான் கண்டதில்லை.

ராக்காயியின் மேல் ஐயாவு கங்காணி சொன்ன குற்றம் இதுதான். பால்வெட்டு ஒன்பதரை மணிக்கு முடியும். வெட்டிய பட்டையிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக மரத்தில் தொங்கும் மங்குக் கிண்ணங்களில் இறங்கிக்கொண்டிருக்கும். பத்தேகாலுக்கு ஸ்டோரில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்ததும் வாளியோடு போய்ப் பாலைச் சேகரிக்க வேண்டும். நடுவில் இருக்கிற முக்கால் மணி நேரம் யாருக்கும் சொந்தமில்லாத நேரம். சிலர் வெற்றிலை போடுவார்கள். சிலர் அடுத்த நிரையில் இருப்பவர்களோடு வம்பளப்பார்கள். ராக்காயி ஒரு மரத்தடியில் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருப்பாள். வெற்றிலை போடுவது கங்காணிக்குக் குற்றமாகப் படவில்லை. பெருமாள் கோயில் தூண் மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

“கண்ண மூடுனா தூக்கம். தூங்குனா அரைப் பேரு,” என்றார்.

அவள் உட்காரத் தொடங்கிய கதையை அவளும், அவள் புருஷன் உடையப்பனும், பக்கத்து நிரையில் பால் வெட்டும் காளியம்மாவும் துண்டு துண்டாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

முசிறிப் பக்கத்திலிருந்து உடையப்பனைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறியபோது ராக்காயிக்கு வயது பத்தொன்பது. வந்த முதல் வருஷமே கோபக்காரி என்று பெயர் வாங்கிவிட்டாள். கூலி வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த லயத்துக்கு இருந்ததே ஒரு தண்ணீர்க் குழாய். அங்கே முந்தியது யார் என்ற சண்டையில் காளியம்மாவின் குடத்தைத் தூக்கிச் சாக்கடையில் போட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அடுத்தடுத்த நிரையில் வேலை செய்துகொண்டு, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, இரண்டு வருஷம் பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. வீட்டில் சட்டி பறக்கும். உடையப்பன் புகைக்கூட்டில் ரப்பர் தகடு காயவைக்கிறவர். “புகைக்கூடு சூடா, வீடு சூடான்னு எனக்கே தெரியாது ஐயா,” என்பார்.

ஒருநாள் காலை வீட்டில் ஏதோ சண்டை. என்ன சண்டை என்று இருவருக்கும் இப்போது நினைவில்லை. அந்தக் கோபத்தோடே பால் வெட்டப் போன ராக்காயி, ஒரு மரத்தில் கத்தியை ஆழமாக இறக்கிவிட்டாள். பட்டை கிழிந்து உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது. அப்படிப் பட்ட காயம் ஆறினாலும் முடிச்சு முடிச்சாகத்தான் ஆறும். அந்த இடத்தில் மறுபடி சீராக வெட்ட முடியாது.

“மரம் என்ன பண்ணுச்சு எனக்கு? வெக்கமா போச்சு,” என்றாள் ராக்காயி. “வெட்டி முடிச்சதும் அந்த மரத்துக்கிட்டயே வந்து உக்காந்தேன். அழுவலாம்னுதான் உக்காந்தேன். அழுகை வரல. பாலு சொட்டுற சத்தம் கேட்டுச்சு. கேட்டுக்கிட்டே இருந்தேன். கோவம் அப்பவும் உள்ள இருந்துச்சு. ஆனா அது தனியா உக்காந்திருந்துச்சு. நான் தனியா உக்காந்திருந்தேன்.”

“அப்புறம் கோபம் போய்விட்டதா?” என்று நான் ஆவலோடு கேட்டேன்.

“எங்க போவுது? இன்னைக்குக்கூட வந்துச்சு, ஒங்க மேல. வந்தா வந்துருக்குன்னு தெரியுது. அம்புட்டுத்தான்.”

என் பெட்டியில் இருந்த ஐந்தாறு புத்தகங்களும் சுற்றிச் சுற்றிச் சொன்னதை அவள் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னது எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. எனக்கும் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“சொல்லிக் குடுக்க என்ன இருக்கு? குந்தத் தெரியாதா ஒங்களுக்கு? நாளெல்லாம் நாக்காலியில குந்திக்கிட்டுத்தானே இருக்கீங்க. போங்க ஐயா, பேரைப் போடுங்க.”

கங்காணி தூக்கம் என்று சொன்னாலும் லயத்தில் வேறு பேச்சு நடந்தது. பறந்த சட்டி பறக்காமல் போனதும், குழாயடியில் அவள் ஒதுங்கி நின்று மற்றவர்களுக்கு வழிவிட்டதும் ஊருக்குப் புரியவில்லை. மனிதர்கள் இப்படித் தானாக மாறுவார்களா? அம்மன் வந்து இறங்கியிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். மஞ்சள் கயிறு கொண்டுவந்து மந்திரிக்கச் சொன்னார்கள். தங்கள் குழந்தைகளுக்குத் திருநீறு பூசச் சொன்னார்கள்.

“என் புள்ளைக்கே நான் பூசுறதில்ல. வேப்பெண்ணெ வேணும்னா தாரேன்,” என்று அனுப்பிவைத்தாள்.

இந்தப் பேச்சு காதில் விழுந்ததும் ஐயாவு கங்காணி யோசிக்கத் தொடங்கினார். அந்த வருஷம் ரப்பருக்கு நல்ல கிராக்கி. எல்லாத் தோட்டத்திலும் ஆள் தேடினார்கள். கமுந்திங் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆள் குறைந்தால் கங்காணிக்கு மதிப்புக் குறையும், வரும்படியும் குறையும். ஒருநாள் பால் நிறுக்கும் இடத்தில், என் முன்னாலேயே, ராக்காயியைக் கூப்பிட்டுக் குரலைத் தழைத்துப் பேசினார்.

“ஏ புள்ள, நான் தெரியாம பேரை வெட்டிப்புட்டேன். சாமின்னு தெரிஞ்சிருந்தா வெட்டுவனா? இனிமே நீ எம்புட்டு நேரம் வேணும்னாலும் உக்காரு. முழுப் பேரு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கோயில்ல வந்து உக்காந்து ஒரு வாக்குச் சொல்லு, போதும்.”

“என்ன வாக்கு?”

“என்ன பெருசா? இந்த மண்ண விட்டுப் போறவன் வெளங்க மாட்டான்னு அம்மன் சொல்றா. அவ்ளோதான்.”

ராக்காயி வாளியைக் கீழே வைத்தாள். “கங்காணி, என் வாயில இன்னொருத்தி வந்து பேச வேணாம். எனக்கே வாயி இருக்கு. அது எம்புட்டு நீளம்னு ஒங்களுக்குத் தெரியும்.”

“அப்ப சாமி இல்லங்கிற?”

“இல்ல.”

“சாமி இல்லன்னா தூக்கம்தான். நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“தூக்கமும் இல்ல.”

“ரெண்டும் இல்லன்னா பின்ன என்னாதான் பண்ற அங்க?”

“அது எனக்குத் தெரியும். ஒங்களுக்கு எதுக்கு?”

மறுநாளே கங்காணி துரையிடம் புகார் கொடுத்தார். வேலை நேரத்தில் தூங்குகிறாள், மூன்று முறை அரைப் பேர் போட்டும் திருந்தவில்லை என்று. அந்தத் தோட்டத்தில் அதற்குத் தண்டனை, குடும்பத்தோடு வெளியேற்றுவது.

விசாரணை ஆபீஸ் வராந்தாவில் நடந்தது. துரை இளவயதுக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எதையும் ஒரு வரியில் எழுதி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. “அந்த நேரத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேள்,” என்றார்.

கேட்டேன்.

“சும்மா இருந்தேன்,” என்றாள் ராக்காயி.

நான் மொழிபெயர்த்தேன். யோசிக்கக்கூட இல்லை. ‘ஐடில்’ என்ற ஒற்றைச் சொல் சட்டென்று வாயில் வந்தது. வேலை வெட்டி இல்லாமல் சோம்பிக் கிடப்பதற்கு அவர்கள் மொழியில் உள்ள சொல். துரை தலையாட்டி எழுதிக்கொண்டார். குற்றத்தை அவளே ஒப்புக்கொண்டாயிற்று.

ராக்காயி துரையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “நீங்க என்ன சொன்னீங்க?”

தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“சும்மா கெடந்தேன்னா சொன்னேன்? சும்மா இருந்தேன்னு சொன்னேன். கெடக்குறதுக்கும் இருக்குறதுக்கும் வித்தியாசம் தெரியாதா? தமிழ்தானே பேசுறீங்க?”

சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பது தினமும் காலையில் தோற்று எழுந்திருக்கிற எனக்கு அல்லவா தெரிய வேண்டும்? சும்மா இருக்க முடியாமல்தானே கப்பலில் போனேன், கப்பலில் வந்தேன்! அந்தச் சொல்லைக் காதால் கேட்டதும், கூலிப் பெண் சொல்கிறாள், அதனால் சோம்பலாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டது எது? என் இங்கிலீஷா? அதை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. என் அம்மாவும் கூலிக்காரிதான்.

துரை முடிவு சொன்னார். வேலை நேரத்தில் தூங்கியதை ஒப்புக்கொண்டு, இனிமேல் தூங்குவதில்லை என்று ஒரு தாளில் கைநாட்டு வைக்க வேண்டும். திங்கட்கிழமைவரை அவகாசம். வைக்காவிட்டால் மாதக் கடைசியில் வெளியேற வேண்டும்.

அன்று மாலை உடையப்பன் ஆபீஸ் பக்கம் வந்தார். பின்னால் ராக்காயியும் வந்தாள்.

“எடுத்துச் சொல்லுங்க ஐயா,” என்றார் உடையப்பன். “ஒரு கட்ட வெரலு. மையில தொட்டு வெச்சா முடிஞ்சுது. சூசா இல்ல, செரமம் இல்ல. இப்பத்தான் வீட்டுக்குப் பின்னால மரவள்ளி போட்டிருக்கேன்.”

“மரவள்ளிக்காவப் பொய்யில வெரல வெக்கவா?” என்றாள் ராக்காயி.

“பொய்யின்னு யாருக்குத் தெரியும்?”

“வெரலுக்குத் தெரியும்.”

உடையப்பன் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். பிறகு வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். “ஒண்ணு சொல்றேன் ஐயா. இவ மரத்தடியில உக்கார ஆரம்பிச்சதிலேருந்து வீட்டுல சட்டி ஒடையல. சண்ட வரும். வந்தா, இருய்யா, கொஞ்சம் பொறுன்னுவா. நானும் பொறுத்துப் பொறுத்து எனக்கும் கோவம் மறந்துபோவுது. அது தூக்கமா இருந்தா தோட்டத்துல எல்லாரும் தூங்கட்டும்னு துரைகிட்ட சொல்லுங்க.”

“பின்ன எதுக்குய்யா வெரல வைக்கச் சொன்ன?” என்றாள் அவள்.

“பயந்தான். வேற என்ன?”

அவர்கள் வருமுன்பே நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். துரையிடம் போய், நான் தவறாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று சொன்னேன். “அப்படியானால் சரியான சொல் எது?” என்று கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பிரார்த்தனை என்றேன். அவர் முகம் இளகியது. பிரார்த்தனை என்றால் பரவாயில்லை, மத விஷயத்தில் தலையிட மாட்டேன், அவள் என் முன்னால் அப்படிச் சொன்னால் போதும் என்றார். பெரிய சாதனை செய்ததுபோல் இதை அவர்களிடம் சொன்னேன்.

உடையப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். ராக்காயி தலையை ஆட்டினாள்.

“கும்பிடலையே நான். கும்பிட்டா எதாச்சும் கேக்கணும். நான் யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கல.”

“ஒரு வார்த்தைதானே ராக்காயி. துரைக்குப் புரிவதற்காக.”

“கங்காணிக்குப் புரியிறதுக்குச் சாமி. துரைக்குப் புரியிறதுக்குக் கும்பிடு. ஒங்களுக்குப் புரியிறதுக்கு என்னமோ பாடம் சொல்லிக் குடுக்கணும். நான் உக்காந்ததுக்கு ஆளுக்கு ஒரு பேரு வெக்கிறீங்க. இருக்கிற ஒரு பேரையே முழுசாப் போட மாட்டேங்கிறீங்க.”

அவள் கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் குரல் உயரவில்லை.

திங்கட்கிழமை பெரட்டில் கங்காணி தாளை நீட்டினார். அதில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் படியுங்கள் என்று ராக்காயி என்னிடம் சொன்னாள். படித்தேன். கேட்டு முடித்து, “இது நான் இல்ல,” என்றாள். கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு தன் நிரையைப் பார்த்து நடந்துவிட்டாள். அதற்கு என்ன செய்வதென்று கங்காணிக்குத் தெரியவில்லை. கைநாட்டு வைக்காதவள் வேலைக்குப் போகக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்குத் துரையைக் கையோடு அழைத்துக்கொண்டு போனார் கங்காணி. மொழிபெயர்க்க நானும் போனேன். சத்தம் போடாமல் வரவேண்டும் என்று கங்காணி விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். முன்னால் அவர், மரத்துக்கு மரம் மறைந்து மறைந்து, கையில் பிரம்போடு. பின்னால் துரை. கடைசியில் நான், திருட்டுக்குத் துணை போகிறவன் மாதிரி.

பக்கத்து நிரையில் காளியம்மா வெற்றிலையை மென்றுகொண்டு நின்றாள். எங்களைப் பார்த்ததும் உரக்கச் சொன்னாள், “எதுக்குக் கங்காணி பூனை மாதிரி நடக்குறீங்க? எலியா புடிக்கப் போறீங்க?”

கங்காணி பிரம்பை ஓங்கி அவளை அடக்கினார். அதோ பாருங்கள் என்று துரைக்குக் காட்டினார்.

முடிச்சு விழுந்த பழைய காயத்தோடு ஒரு மரம். அதன் அடியில் ராக்காயி உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. கைகள் மடியில், உள்ளங்கையில் காய்ந்த பால் கறுத்துப் படிந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் அவளுக்கு முன்னால் வந்து நின்றோம். அவள் அசையவில்லை.

“தூக்கம்,” என்றார் கங்காணி.

“ஒங்களுக்குப் பின்னால மூணாவது மரம்,” என்றாள் ராக்காயி கண்ணைத் திறக்காமல். “பாலு மங்குல விழல. கீழ சருவுல விழுது. பெரம்பு தட்டிவிட்டிருக்கும். யாராச்சும் போயி நிமித்தி வைங்க.”

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. திரும்பி நடந்தேன். மூன்றாவது மரத்தில், தகரப் பீலியின் நுனியிலிருந்து பால் காய்ந்த இலைமேல் விழுந்துகொண்டிருந்தது. மங்கு கம்பியில் சாய்ந்து தொங்கியது. நாங்கள் ஒளிந்து வந்த வழி அது. மங்கை நிமிர்த்தி வைத்தேன். குனிந்து காதைக் கிட்டக் கொண்டுபோனபின் எனக்கும் கேட்டது. இலையில் விழுந்தால் ஒரு சத்தம். பாலில் விழுந்தால் வேறு சத்தம்.

திரும்பி வந்து துரையிடம் பார்த்ததைச் சொன்னேன். இந்த முறை ஒரு சொல்கூட மாற்றவில்லை.

“தூங்குறவளுக்குக் கொறட்டை வரும் துரை,” என்று காளியம்மா தன் நிரையிலிருந்து கத்தினாள். “இவ கொறட்டை எனக்குத் தெரியும். லயத்துல ஒரு செவுருதான் நடுவுல. மூணு வருசமா கேக்குறேன்.”

ராக்காயி கண்ணைத் திறந்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு காளியம்மா அவளைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. “நான் கொறட்டை விடுறதில்லக்கா,” என்றாள்.

“விடுவ. ஒனக்கு எப்படித் தெரியும்?”

துரை சிரித்தார். அந்தத் தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தார். முழுப் பேர் போடு என்று என்னிடம் சொன்னார். கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் திரும்பி நடக்கும்போது துரை ஏதோ கணக்குத் தீர்ந்தவர்போல் சொன்னார்: “அவள் விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்றால், அந்த நேரத்தில் புல் வெட்டலாமே.”

மறுநாள் பெரட்டில் உத்தரவு வந்தது. ஒன்பதரையிலிருந்து பத்தேகால்வரை எல்லாரும் நிரையில் புல் வெட்ட வேண்டும். வெற்றிலை, பேச்சு, உட்காருவது எதுவும் கிடையாது. அந்த உத்தரவைத் தமிழில் படித்ததும் நான்தான்.

குழாயடியில் அன்று கூட்டம் ராக்காயியைச் சூழ்ந்துகொண்டது. “ஒன்னாலதான்டி எல்லாருக்கும் வந்துச்சு. நீ பாட்டுக்குச் சாமின்னு சொல்லியிருந்தா எங்க வெத்தலைக்குக் கேடு வந்திருக்குமா?” என்றார்கள். அவள் மறுக்கவில்லை.

“என்னாலதான்,” என்றாள். “அதுக்கு என்ன பண்றதுன்னு பாக்குறேன்.”

மூன்று நாள் அவள் புல் வெட்டவில்லை. தன் மரத்தடியில் உட்கார்ந்தாள். மூன்று நாளும் நான் அரைப் பேர் போட்டேன். ஜன்னலில் வந்து நின்றாள், எந்தப் பாதி என்று கேட்கவில்லை. அது கேட்டதைவிட மோசமாக இருந்தது. நான்காம் நாள் பெரட்டில், அவள் பெயரைக் கங்காணி கூப்பிட்டதும் குரல் கொடுக்காமல் முன்னால் வந்தாள்.

“ஒரு மாச நோட்டீசு குடுக்குறேன். எழுதிக்குங்க கிராணி ஐயா. நீங்க வெளிய தள்ளுறதுக்கு நான் போவல. நானாப் போறேன்.”

கங்காணி சிரிக்கப் பார்த்தார். “எங்க போவ?”

“கமுந்திங் பக்கம். அங்க ஒம்பதரைக்கு வெத்தல போடுறாங்களாம்.”

பெரட்டுக் களத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு கூட்டத்திலிருந்து காளியம்மா வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

“என்னையும் எழுதுங்க. அங்க லயத்துக்கு ரெண்டு கொழா இருக்காம். எனக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணு.”

அன்று ஏழு குடும்பம் எழுதினார்கள். அடுத்த நாள் மேலும் இரண்டு. ரப்பருக்கு விலை இருக்கிற நாளில் ஒன்பது குடும்பம் போவது தோட்டத்துக்குச் சின்ன விஷயமில்லை. சாயங்காலம் ஐயாவு கங்காணி லயத்துக்கே நடந்து போய் ராக்காயி வீட்டு வாசலில் நின்றார். மூட்டை கட்டிய மரவள்ளிக் குச்சிகளுக்குப் பக்கத்தில் உடையப்பன் உட்கார்ந்திருந்தார்.

“ஏ புள்ள, புல்லு வெட்டு உத்தரவ எடுக்கச் சொல்லித் துரைகிட்ட நான் பேசுறேன். நீ அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா நிப்பாங்க.”

“நான் போங்கன்னும் சொல்லல, நில்லுங்கன்னும் சொல்ல மாட்டேன்,” என்றாள் ராக்காயி. “அவங்க காலு அவங்களது. வாக்குச் சொல்ற வேலை நான் அன்னைக்கே வேணாம்னுட்டேன் கங்காணி.”

இரண்டு வாரத்தில் உத்தரவைத் துரை திரும்பப் பெற்றார். மிச்சமிருந்தவர்கள் மறுபடி வெற்றிலை போட்டார்கள். நோட்டீசைத் திரும்பப் பெற்றவர்களும் உண்டு. ராக்காயி பெறவில்லை. அந்த ஒரு மாதமும் தன் மரங்களை முன்பு வெட்டியதைவிடக் கவனமாக வெட்டினாள் என்று அவளுக்குப்பின் அந்த நிரைக்கு வந்த ஆள் சொன்னார். முன்னூறு மரத்தில் ஒரே ஒரு பழைய காயம்தானாம்.

கடைசி நாள் காலை அவர்களுக்குப் போகும் சீட்டு எழுத வேண்டியிருந்தது. இங்கிலீஷில் அச்சடித்த தாள். பெயர், வயது, வந்த தேதி, போகும் தேதி. கடைசிக் கட்டத்தில் போகும் காரணம். உடையப்பன் பிள்ளையோடும் மூட்டையோடும் வெளியே மாட்டுவண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். காளியம்மா வண்டியில் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன காரணம் எழுதட்டும்?” என்று ராக்காயியிடம் கேட்டேன். கேட்கும்போதே எனக்குள் சில சொற்கள் வரிசையாக வந்து நின்றன. தகராறு, விருப்பம், உறவினர் அழைப்பு. எல்லாம் மற்றவர்களுக்கு நான் எழுதியவை.

“சும்மா,” என்றாள்.

என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த முறை என்ன செய்யப்போகிறேன் என்று பார்க்கிறாள் என்று தோன்றியது. நான் பேனாவை மையில் தொட்டு அந்தக் கட்டத்தில் தமிழிலேயே எழுதினேன். மூன்றே எழுத்து. உள்ளே எடுத்துப்போய்த் துரையின் மேசையில் வைத்தேன்.

“இது என்ன?” என்றார் துரை, விரலால் அந்த இடத்தைத் தட்டி.

“அவள் சொன்னது.”

“அர்த்தம்?”

“எனக்கு மொழிபெயர்க்கத் தெரியவில்லை.”

“தெரியவில்லை என்றால் எதற்கு உனக்கு இங்கே வேலை?”

“அது எனக்கும் தெரியவில்லை. ஆனால் இதை மாற்ற மாட்டேன்.”

வெளியே வண்டிக்காரர் அவசரப்படுத்திக் கத்துவது கேட்டது. துரை கையெழுத்துப் போட்டுத் தாளைத் தள்ளிவிட்டார்.

ஜன்னல் கம்பி வழியே சீட்டை நீட்டினேன். ராக்காயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கடைசிக் கட்டத்தைத் தேடிப் பிடித்து, எழுத்து மற்ற எழுத்துகளிலிருந்து வேறாக இருப்பதைப் பார்த்தாள். ஈரம் காய ஊதினாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தாள்.